பதினேழு பொழைக்கணும்

புற்றுநோய் நன்றாக வளர வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட முதல் மனுஷர் இந்த வட்டாரத்தில் துலுக்கானமாகத்தான் இருப்பார். அதுவும் யார்? கட்டின பெண்டாட்டிக்கே அந்த நோய் வந்து, ஒரு பக்க மார்பை எடுத்து, ஆறு மாதம் மருந்து ஏற்றி, முடி கொட்டி, மறுபடி முடி முளைத்து, இந்த மூன்று வருஷமாகத்தான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஆள்.

சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் ஒரு டைல்ஸ் கடை. அதற்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த ஆராய்ச்சிக்கூடம். டாக்டர் ராஜசேகரன்தான் பெரியவர். அவருக்குக் கீழே படிக்கிற பிள்ளைகள் நாலு பேர். துலுக்கானம் அங்கே அட்டெண்டர். பாட்டில் கழுவுவது, கழுவினதைப் பெரிய குக்கரில் வைத்து ஆவியில் வேகவைப்பது, கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் மாற்றுவது, தினமும் காலையில் சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது. இதுதான் வேலை. நோட்டில் எழுதுவதற்குத்தான் அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட நேரம் பிடிக்கும். பெண்டாட்டி தாயம்மாளுக்கு மருந்து ஏற்றிய காலத்தில், தப்பான கவுண்டர் முன்னால் ரெண்டு மணி நேரம் நின்று ஏமாந்த கோபத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போர்டு போர்டாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். அப்போது வயசு நாற்பத்தொன்பது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கே வளர்ப்பது புற்றுநோய் என்று தெரிந்ததும் அவர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். கவிப்பிரியாவிடம் நேராகவே கேட்டார். நாலு பேரில் அவள்தான் பதில் சொல்கிற பெண். ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளை. டாக்டர் இருந்தால் துலுக்கானத்துக்கு அவள் மேடம், இல்லாவிட்டால் பாப்பா.

"ஏம் பாப்பா, ஊரே இத்த ஒழிக்கணும்னு நிக்குது. நீங்க இன்னாடான்னா சோறு போட்டு வளக்குறீங்க. பாம்பையா வளப்பாங்க?"

"வளக்குறாங்களேண்ணா. பாம்புக்கடிக்கு மருந்து வேற எங்கேர்ந்து வருது?"

துலுக்கானம் தலையைச் சொறிந்தார். அவள் அவரை ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். கீழே வாட்ச்மேன் அய்யாசாமி, வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் கோரைப்புல்லை அறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அவர் மாசா மாசம் அறுக்கிறாரு. ஏன் திரும்பத் திரும்ப வருது?"

"மேல அறுத்தா? கீழ கெழங்கு கீதே."

"அதேதான். கட்டிங்கிறது புல்லு மாதிரி. ஆபரேஷன், மருந்து எல்லாம் பண்ணி அறுத்துடறோம். ஆனா உள்ள சில செல் கிழங்கு மாதிரி பதுங்கிடுது. ஸ்டெம் செல்னு பேர். அஞ்சு வருஷம் கழிச்சுக்கூட முளைக்கும். அந்தக் கிழங்கை மட்டும் தனியா எடுத்து வளர்த்தாத்தானே, எந்த மருந்துக்கு அது சாகும்னு பார்க்க முடியும்?"

அன்றைக்கு ராத்திரி சோறு துலுக்கானத்துக்குச் சரியாக இறங்கவில்லை. தாயம்மாளிடம் மற்றதெல்லாம் சொன்னார். கிழங்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பாட்டிலை ஒரு தடவைக்கு மூன்று தடவை அலச ஆரம்பித்தார். சோப்பு வாடை ஒரு துளி நின்றாலும் அந்தச் செல்கள் தாங்காது என்று சொல்லியிருந்தார்கள்.

அப்படி வளர்த்ததில் பதினேழாம் நம்பர்தான் கதை.

நம்பருக்குச் சொந்தக்காரர் யார் என்று கவிப்பிரியாவுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எடுத்த கட்டியில் பட்டாணி அளவு ஒரு துண்டை ஐஸ் பெட்டியில் அனுப்புவார்கள். பெயர் இருக்காது, நம்பர்தான். முதல் பதினாறில் பாதி கெட்டுப்போயிற்று, மீதி வளராமலே செத்தது. பதினேழாவது ஒரு பெண்மணியினுடையது. ஒரு தடவை குணமாகி, நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்த கட்டி. அறுத்த பிறகும் முளைத்த கோரை. கவிப்பிரியாவுக்கு வேண்டியது அதுதான்.

பதினோரு வாரம் அது ஒன்றுமே செய்யவில்லை. பன்னிரண்டாவது வாரம் ஒருநாள் காலையில் அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள், வைத்தபடியே, "அண்ணா! துலுக்கானண்ணா! ஓடியாங்க!" என்று கத்தினாள். சாதாரண செல், அதை வளர்க்கிற பிளேட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும். ஸ்டெம் செல் ஒட்டாது. மிதந்துகொண்டே, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, உருண்டையாகத் திரளும். அப்படித் திரண்டிருந்தது.

துலுக்கானமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அட, பூந்தி லட்டு கணக்கா கீதே!"

அன்றிலிருந்து அந்த உருண்டைகளுக்கு அங்கே லட்டு என்றே பேராகிவிட்டது. டாக்டர் ராஜசேகரனே ஒருநாள், "கவி, லட்டு எவ்வளவு தேறும்?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

விடுமுறை முடிந்த மறுநாள் லட்டுகளை இரண்டாகப் பிரிப்பதாக ஏற்பாடு. ஒரு பாதியை நைட்ரஜன் கேனில் உறைய வைப்பது. அது விதைநெல் மாதிரி, என்றைக்கும் இருக்கும். மறுபாதியில் புது மருந்தை விட்டுப் பார்ப்பது. அதுவரைக்கும் இருப்பது அந்த ஒரே ஒரு பிளேட்தான். விடுமுறை என்றால் ஆயுத பூஜை.

*

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலமே ஆபீஸில் பூஜை. டாக்டர் ராஜசேகரன் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கி வைத்து, "துலுக்கானம், எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சுடுங்க" என்றார்.

கவிப்பிரியா குறுக்கே வந்தாள். "செல் ரூமுக்குள்ள மட்டும் யாரும் வரக்கூடாது. சாம்பிராணி, கற்பூரம் எதுவும் உள்ள வேண்டாம். அண்ணா, கதவுக்கு வெளியில பொட்டு வெச்சா போதும்."

"எனுக்குத் தெரியாதா பாப்பா? பொட்டிய நான் தொடுவனா?"

பெட்டி என்றால் இன்குபேட்டர். உடம்புச் சூட்டிலேயே எந்நேரமும் இருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் வராந்தாவில் நிற்கும் சிலிண்டரிலிருந்து அதற்குள் கேஸ் போய்க்கொண்டே இருக்கும். செல்கள் மிதக்கும் தண்ணீர், புளிப்பும் இல்லாமல் உவர்ப்பும் இல்லாமல் நடுவில் நிற்பது அந்தக் கேஸால்தான். தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் நல்லது. ரோஸ் ஆனால் கேஸ் போதவில்லை என்று அர்த்தம்.

துலுக்கானம் கதவில் பொட்டு வைத்தார். குக்கர், ஃப்ரிட்ஜ், மைக்ராஸ்கோப் மேஜை என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வாசலில் அய்யாசாமி பூசணிக்காய் உடைத்தார். பிள்ளைகள் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு துலுக்கானம் வராந்தா சிலிண்டரைத் துணியால் துடைத்து, கழுத்தில் சந்தனம் பூசி, ஒரு முழம் பூச்சுற்றி, கும்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இந்த வேலைக்கு வருமுன் இருபத்தாறு வருஷம் அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். அங்கே ஆயுத பூஜை என்றால் அது ஒரு கண்டிப்பு. பொட்டு வைத்தபின் எந்த மெஷினும் ஓடக்கூடாது. மெயின் ஸ்விட்ச் இறக்கி, கம்ப்ரஸரை நிறுத்தி, வெல்டிங் சிலிண்டர்களுக்குப் பொட்டு வைத்து, வால்வை இறுக மூடிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். வருஷமெல்லாம் உழைத்த மெஷினுக்கு ஒருநாள் ஓய்வு. ஒரு வருஷம் முதலாளி, அவசர ஆர்டர் என்று பூஜை அன்றைக்கே மெஷினை ஓட்டச் சொன்னார். அன்றைக்குத்தான் துலுக்கானத்தின் இடது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. அதற்கப்புறம் எந்த முதலாளியும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று; பொட்டு வைத்த கையே மெஷினை நிறுத்தவும் பழகிவிட்டது.

*

மறுநாள் நூம்பலில் அவர் வீட்டில், பகல் பன்னிரண்டு மணி. தாயம்மாள் அரிவாள்மணை, கத்தி, சுத்தியல், பேத்தி பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தாள். வாசலில் மொபெட் குளித்து, வாழைக்கன்று கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றது. சுண்டலை இறக்கிவிட்டு அடுப்புக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

"இந்தாய்யா, சிலிண்டருக்கும் ஒண்ணு வெச்சி, கேஸ மூடு. சாமி கும்பிட்டுடலாம்."

துலுக்கானம் குனிந்தார். சந்தனம் தொட்டு சிலிண்டரில் வைத்தார். அதே கை, யாரும் ஏவாமலே, மேலே போய் வால்வைத் திருகியது.

திருகியது, அப்படியே நின்றது.

"இன்னாய்யா?" என்றாள் தாயம்மாள்.

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் வராந்தாவில் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. சந்தனம் ஞாபகம் இருக்கிறது. பூச்சுற்றியது ஞாபகம் இருக்கிறது. கும்பிட்டதற்கு முன்னால் கை சும்மா இருந்ததா?

"தாயி... நான் மூடிட்டன்மே."

"மூடத்தானே சொன்னேன்?"

"இத்த இல்லமே. அங்க. பதினேழோட கேஸ மூடிட்டன்."

மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தாயம்மாள் பின்னாலேயே வந்தாள். "யோவ், பூஜ போட்ட வண்டிய எடுக்காதய்யா! எலுமிச்சங்கா கூட நசுக்கல! விரல் போனது மறந்து போச்சா?"

"போனா போவட்டும்மே!"

வாழைக்கன்றும் பூவுமாக மொபெட் வேலப்பன்சாவடி வந்து ஹைவேயில் ஏறியது. விரல் போன நாளிலிருந்து காத்த ஓய்வு அன்றைக்கு அப்படி உடைந்தது.

அய்யாசாமி நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். "இன்னா அண்ணாத்தே, லீவு நாள்ல? வண்டி கல்யாண வண்டியாட்டம் கீது!"

"மேல ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"ஆமா, நேத்து ராத்திரிலேர்ந்து கீச்சு கீச்சுன்னு ஒண்ணு கத்திகினு கீது. யூபிஎஸ்ஸுன்னு வுட்டுட்டேன்."

துலுக்கானம் இரண்டு இரண்டு படியாக ஏறினார். சிலிண்டர் சந்தனம் காய்ந்து, பூ வாடி, அம்மன் மாதிரி நின்றது. வால்வு இறுக மூடியிருந்தது. அவர் இறுக்கிய இறுக்கம். அதைத் திறக்க அவருக்கே இரண்டு கையும் தேவைப்பட்டது. உஸ் என்று கேஸ் கிளம்பியது. செல் ரூம் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பெட்டியின் முகப்பில் கேஸ் அளவு 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.3 என்று சிவப்பில் எரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று ஏறியது. பத்து நிமிஷத்தில் 5 ஆயிற்று. கீச்சுச் சத்தம் நின்றது.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது.

சிலிண்டர் திறந்திருக்கிறது. பெட்டி சரியாகக் காட்டுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிடும். அய்யாசாமிக்கு ஒன்றும் தெரியாது. இப்படியே பூட்டிக்கொண்டு இறங்கினால், துலுக்கானம் லீவிலும் வந்து எட்டிப்பார்த்த நல்ல மனுஷன். செல் செத்திருந்தால்? பதினாறு செத்ததே, இது பதினேழு. யாரைக் கேட்பார்கள்?

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெட்டியில் இருப்பது செத்தும் சாகாமலும் கிடக்கும். நாளை மறுநாள் கவிப்பிரியா வந்து அதைப் பிரித்து, அதன்மேல் புது மருந்தை விடுவாள். செல் சாகும். மருந்துதான் கொன்றது என்று அவள் சந்தோஷமாக எழுதுவாள். கொன்றது துலுக்கானத்தின் கை என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் அந்த மருந்தை நம்பி எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைப்பார்கள்? கடைசியில் யார் உடம்பில் போய் ஏறும்? ஊசி ஏறிய தாயம்மாளின் நரம்பு கறுத்துப்போய் முழங்கை வரை தெரிந்த நாட்கள் அவர் கண்ணுக்கு வந்தன.

எழுந்தார். ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்து, நின்றபடியே, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'நேற்று சாயங்காலம் 5 மணிக்கு வால்வை மூடியது நான். இன்று 12.40க்குத் திறந்தது நான். துலுக்கானம்.' அதற்கப்புறம்தான் போன் போட்டார்.

*

"அண்ணா, சரஸ்வதி பூஜை வாழ்த்துகள்!" என்றாள் கவிப்பிரியா. பின்னால் மணிச்சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம்.

"பாப்பா. நான் சிலிண்டர மூடிட்டம்மா."

"என்ன?"

"நேத்து பொட்டு வெச்சிட்டு மூடிட்டேன். பத்தொம்போது மணி நேரம். இப்பதான் தொறந்தேன். வேணும்னு செய்யலம்மா. கை செஞ்சிடுச்சு."

அவள் அங்கிருந்து விலகி நடக்க, மணிச்சத்தம் தேய்ந்தது. பிறகு, "பெட்டியைத் தொறந்தீங்களா?"

"இல்ல."

"தொறக்காதீங்க. எதையும் தொடாதீங்க. அங்கேயே இருங்க."

முக்கால் மணி நேரத்தில் பட்டுப்பாவாடை தாவணியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். துலுக்கானத்தின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பிளேட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். அவள் தோள் அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"லட்டு முக்கால்வாசி உடைஞ்சு போச்சு. தூள் தூளா கிடக்கு."

"செத்துப்போச்சா பாப்பா?"

"தெரியலை!" குரல் ஏறிவிட்டது. "அதான் கஷ்டமே. மத்த செல்லுன்னா உயிர் உள்ளது ஒட்டியிருக்கும், செத்தது மிதக்கும். பார்த்த உடனே சொல்லிடலாம். இது உயிரோட இருக்கும்போதும் மிதக்குது, செத்தாலும் மிதக்குது. எது எதுன்னு நான் எப்படிச் சொல்ல? பன்னெண்டு வாரம்ணா! ஞாயித்துக்கிழமைகூட வந்து பார்த்தேன். ஒரு திருகு... ஒரு திருகைச் சும்மா விட முடியலையா உங்களால?"

திட்டட்டும் என்று துலுக்கானம் நின்றார். அவள் தாவணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய நோட்டைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இது எப்ப எழுதினீங்க?"

"உனுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி."

அவள் தன் நோட்டை எடுத்து அந்த மணிக்கணக்கை அப்படியே எழுதிக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது. "ஒரே வழிதான் இருக்கு. எல்லாத்தையும் தனித்தனி செல்லா பிரிச்சு, புதுத் தண்ணியில விட்டுட்டு, காத்திருக்கணும். உயிர் இருக்கிறது திரும்ப உருண்டை கட்டும். செத்தது கட்டாது. ஒன்பது நாளாவது ஆகும். கழுவி வெச்ச பாட்டில் எவ்வளவு இருக்கு?"

"நாப்பது கீது. இன்னும் வேணும்னா இப்பவே கழுவுறேன்."

"கழுவுங்க."

பட்டுப்பாவாடையோடு அவளும், சந்தன மணம் போகாத கையோடு அவரும், நாலு மணிவரைக்கும் வேலை பார்த்தார்கள். நடுவில் அய்யாசாமி எட்டிப்பார்த்து, "பூஜ அன்னிக்கு மெஷின் ஓட்டறீங்களே, தோஷம் இல்லியா?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில் ஆள் காணாமல் போய்விட்டார்.

*

விடுமுறை முடிந்து டாக்டர் ராஜசேகரன் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு கவிப்பிரியாவிடம் பேசினார். பாதிச் சத்தம் வெளியே கேட்டது. "இந்த வேலைக்கு வேற ஆளைப் போட்டுடலாம், கவி."

"சார், அவர் சொல்லலைன்னா லட்டு ஏன் உடைஞ்சதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. மிச்சம் இருக்கிறது நல்லாத்தான் இருக்குன்னு நம்பி, செத்த செல்லு மேல மருந்தை ஊத்தி, வெற்றின்னு உங்ககிட்ட வந்து நின்னிருப்பேன். நீங்க அதை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருப்பீங்க."

டாக்டர் வெளியே வந்து, சிலிண்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "பதினேழு என்ன ஆகுதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும் நீங்க சிலிண்டர்கிட்ட போகவேண்டாம், துலுக்கானம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் உறைத்தது.

வீட்டில் தாயம்மாளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. கிழங்கு உட்பட. இனி மறைத்து என்ன என்று அதையும் சொல்லிவிட்டார். அவள் முறத்தில் அரிசியை அளைந்துகொண்டே கேட்டாள்.

"அப்டின்னா எனுக்குள்ளயும் கெழங்கு கீதா?"

"இல்லாமயும் இருக்கும்மே. தெரியாது. அத்த கண்டுபுடிக்கத்தான் அந்தப் பொண்ணு பாடுபடுது."

"அந்தப் பதினேழு பொழச்சா, கண்டுபுடிக்குமா?"

"அதுக்கு ஒரு வழி பொறக்கும்."

தாயம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "நல்லா கீதுய்யா ஞாயம். என்னிய அரிச்ச சனியன், அது நல்லா பொழைக்கணும்னு நானே வேண்டிக்கணும். எத்தக் கேக்கறான்னு வேற்காட்டு அம்மனுக்கே தல சுத்தப் போவுது."

ஆனால் மறுநாளே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் துலுக்கானம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்: "பதினேழு எப்டி கீது?"

மூன்றாம் நாள்: ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள்: தூசு மாதிரி என்னமோ தெரிகிறது, ஆனால் அது தூசாகவும் இருக்கலாம். ஆறாம் நாள் கவிப்பிரியா மைக்ராஸ்கோப்பிலிருந்து எழுந்து நேரே டீ குடிக்கப் போய்விட்டாள், துலுக்கானம் கேட்கவில்லை. அவருக்குச் செய்ய இருந்தது பாட்டில் கழுவுவதும் சாமியை வேண்டிக்கொள்வதும்தான். கழுவினதையே திரும்பக் கழுவினார். வராந்தாவில் சிலிண்டரைத் தாண்டும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார், அடிவாங்கின பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

ஒன்பதாம் நாள் காலை. அவள் உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆயிற்று. துலுக்கானம் வராந்தாவைப் பெருக்கினார். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினார். கதவு திறந்தது.

"கோட்டு மாட்டிக்கிட்டு உள்ள வாங்க."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு ஒரு உருண்டை. பக்கத்தில் இன்னொன்று. முன்னே பார்த்ததைவிடச் சின்னது. ஆனால் ஓரம் வழித்த மாதிரி, கெட்டியாக, பிடித்துவைத்த லட்டு.

"எத்தினி பாப்பா?"

"பதினொண்ணு. முன்னாடி அறுபதுக்கு மேல இருந்துச்சு. இப்ப பதினொண்ணு."

பதினொன்று என்றால் நிறையவா, கொஞ்சமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"பத்தொன்பது மணி நேரம் கேஸ் இல்லாம, உடைஞ்சு தூளாகி, அதுக்கப்புறமும் திரண்டு வந்திருக்குண்ணா. உள்ளதிலேயே முரட்டு ஆளுங்க இவங்கதான். இவங்களைத்தான் நான் தேடிட்டிருந்தேன். அதுக்காக நீங்க அப்படித் தேடித் தரணும்னு சொல்லலை."

துலுக்கானமும் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இம்மாம் முரடா பாப்பா? எத்த செஞ்சாலும் சாவலன்னா... அப்ப உடம்புக்குள்ள இருந்தா?"

அவளுக்குப் புரிந்தது. தாயம்மாள் கதை அவளுக்கும் தெரியும். கையுறையை மெதுவாகக் கழற்றினாள்.

"அண்ணா, இவ்வளவு நாளா இவங்க உள்ளுக்குள்ள ஒளிஞ்சிட்டு இருந்தாங்க. எங்க இருக்காங்கன்னே தெரியாம எல்லாரையும் அடிச்சிட்டிருந்தோம். இப்ப பதினொரு பேரைப் பிடிச்சு முன்னாடி உட்கார வெச்சிருக்கோம். எதுக்குப் பயப்படுறாங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டுப் பார்க்கலாம். இன்னைக்கே சொல்லிடுவாங்கன்னு சொல்லமாட்டேன். ஆனா கேக்கிறதுக்கு ஆள் இருக்காங்க."

இந்தத் தடவை அவள் நாளை என்று தள்ளவில்லை. அன்றைக்கே அதில் பாதியைச் சின்னக் குப்பிகளில் அடைத்து உறையவைத்து, நைட்ரஜன் கேனில் இறக்கினாள். மூடியைத் திறந்தபோது வெள்ளைப் புகை பொங்கித் தரையில் வழிந்தது. துலுக்கானம் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிள்ளையைத் தொட்டிலில் போடும்போது தொட்டில் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி. விதைநெல் பத்திரம். இனி எந்தத் துலுக்கானமும் எந்த வால்வை மூடினாலும் அது இருக்கும்.

மத்தியானம் டாக்டர் ராஜசேகரன் வராந்தாவில் அவரைக் கூப்பிட்டு, சிலிண்டர் நோட்டைக் கையில் கொடுத்தார். "எழுதுங்க. ஒரு வாரமா வேற யாரோ எழுதறாங்க. எழுத்தே புரியலை."

துலுக்கானம் முள்ளைப் பார்த்து எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு அட்டையை வெட்டி, கொட்டை எழுத்தில் ஒன்று எழுதி, வால்வின் கழுத்தில் கயிற்றால் கட்டினார். 'இதற்கு ஆயுத பூஜை அன்றும் ஓய்வு இல்லை. மூடாதே.' கவிப்பிரியா அதைப் படித்துவிட்டு, "யாருக்குண்ணா இது? உங்களைத் தவிர வேற யார் மூடப் போறாங்க?" என்றாள்.

"எனுக்குத்தான் பாப்பா. என் கைக்கு. அதுக்கும் இப்ப படிக்கத் தெரியும்."

*

அந்த வெள்ளிக்கிழமை தாயம்மாள் மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக்கொண்டு, துலுக்கானத்தையும் இழுத்துக்கொண்டு, திருவேற்காடு போனாள். கூட்டம் நெருக்கியது. முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டு, அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றாள். தட்டை வாங்கிய பூசாரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"பதினேழு" என்றாள் தாயம்மாள்.

பூசாரி நிமிர்ந்தார். "என்னம்மா? வண்டி நம்பரா?"

"ஆளுதாங்க சாமி. பொம்பள. பேரு எங்களுக்குச் சொல்லமாட்டாங்க. அவளுக்கும் என்னாட்டமே ஒடம்பு. ஒருவாட்டி நல்லாகித் திரும்பி வந்துச்சாம். எங்கயோ ஆஸ்பத்திரியில கீறா, இல்ல ஊட்ல கீறா. நல்லா இருக்கட்டும்னு பண்ணுங்க. அம்மனுக்குத் தெரியும் யாருன்னு."

பின்னால் நின்றவர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். பூசாரி ஒரு கணம் தாயம்மாளையும், பக்கத்தில் தலைகுனிந்து நின்ற துலுக்கானத்தையும் பார்த்தார். பிறகு தட்டை உயர்த்தி, உள்ளே திரும்பி, குரலெடுத்து மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். பெயர் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் தயங்கி, பதினேழு என்றே சொன்னார்.

துலுக்கானம் இரண்டு கையையும் கூப்பினார். எட்டு விரலும், இரண்டு பாதி விரலும்.